மவுசர் 98: பயரிங் பின்னை மாற்ற முதல் போல்ற்றைக் கழுவிப் பாருங்கோ

உங்கட மவுசர் 98 றைபிளில் தோட்டாவின் பிறைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கிற, அடிபட்டதும் பத்துற சின்ன மூடி) மெல்லிய தழும்பு மட்டும் விழுது, வெடிக்குதில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். உடனே புதுப் பயரிங் பின் (பிறைமரில் அடிக்கிற ஊசி) வாங்க வேண்டாம். கொழும்பின்ர உப்புக்காத்துக்கும் ஈரத்துக்கும் போல்ற்றுக்குள்ள (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுற உருளை) இருக்கிற பழைய கிறீஸ் பிசினாகி, பயரிங் பின் வேகத்தை இழக்கும். அநேகமா காரணம் அதுதான்.

துவக்கில் தோட்டா இல்லை எண்டதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துங்கோ. போல்ற்றைக் கொக் பண்ணி (ஸ்பிறிங் இழுபட்டு நிக்கிற நிலைக்குக் கொண்டுவந்து), சேஃப்ரியை (பாதுகாப்புப் பூட்டு) நேர் மேலே நிறுத்தி வெளியே எடுங்கோ. இடப்பக்கப் பூட்டுக் குமிழை அமத்தியபடி போல்ற்றின்ர பின்பகுதியை (சிலீவ்) இடஞ்சுழியாகத் திருகினால் பயரிங் பின்னும் ஸ்பிறிங்கும் சேர்ந்த முழுத் தொகுதியும் கழரும். பயரிங் பின்னின்ர நுனியை மரக்கட்டையில் ஊன்றி, சிலீவைக் கீழே அமத்தி, கொக்கிங் பீஸை (பயரிங் பின்னின்ர மற்ற முனையில் மாட்டியிருக்கிற துண்டு) 90 பாகை திருப்பிக் கழற்றுங்கோ. ஸ்பிறிங் பலமானது, கை வழுக்கினால் பாய்ந்து வரும். முகத்தை விலக்கி, கண்ணாடி போட்டுச் செய்யுங்கோ.

எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, எண்ணெய் ஒரு படலம் மட்டும் விடுங்கோ. கிறீஸ் வேண்டவே வேண்டாம். அதுக்குப் பிறகும் அடி மெலிவெண்டால் முதலில் ஸ்பிறிங்கை மாத்துங்கோ. நுனி உடைஞ்சோ அரிபட்டோ இருந்தால்தான் பயரிங் பின்னை மாத்த வேணும்.

புதுப் பயரிங் பின் போட்டால், அது முன்னுக்கு விழுந்த நிலையில் நுனி போல்ற் முகத்துக்கு வெளியே 1.3 முதல் 1.6 மி.மீ. வரை நீட்டவேணும். குறைஞ்சால் வெடிக்காது. கூடினால் பிறைமர் துளைபட்டு வாயு உங்கட பக்கம் திரும்பும். நீளம் கூடின நுனியை வீட்டில அராவாதேங்கோ. உருண்டை வடிவம் கெட்டாலும் பிறைமர் துளைபடும். அளவு பொருந்தாட்டி அனுமதிப்பத்திரமுள்ள திருத்துநரிட்டக் குடுங்கோ.