லண்டன் – பாரிஸ்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் தங்கிக்கொண்டு பாரிஸ் போய்வர நினைக்கிறோம். விமான டிக்கெட்டில், போகும்போது 10.00 மணிக்குக் கிளம்பி 12.20க்கு இறங்குகிறது. திரும்பும்போது 10.00க்குக் கிளம்பி 10.20க்கே லண்டன்! இது எப்படி? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பக்கமும் பயணம் 1 மணி 20 நிமிடம்தான். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கோடைக்கு இரண்டு நாடுகளும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதால், வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான்.

நேர்கோட்டில் தூரம் சுமார் 344 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று கணக்குப் போட்டால் அரை மணிகூட ஆகாது. ஆனால் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் பறக்கக் கூடாது. ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதால், முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். வானில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம். மிச்சம், கேட்டிலிருந்து ரன்வே வரை ஊர்ந்து போவதும், இறங்கியபின் அதேபோல ஊர்வதும். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் நெரிசல் என்றால், இறங்க முறை வரும்வரை பிக்கின், ஓக்கம், லாம்போர்ன், போவிங்டன் ஆகிய இடங்களுக்கு மேலே விமானங்களை வட்டமடிக்க விடுவார்கள். அந்தத் தாமதத்தையும் ஓரளவு சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். முன்னதாகவே இறங்கிவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ரயிலா, விமானமா?

பதில்: ரயில்தான். லண்டன் மையத்திலிருந்து ஹீத்ரோவுக்கு ஒரு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக, விமானம் 1 மணி 20 நிமிடம், பாஸ்போர்ட் வரிசையும் லக்கேஜும் முக்கால் மணி, பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.ஈ.ஆர். 'பி' ரயிலில் ஊருக்குள் வர அரை மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்திலிருந்து பாரிஸ் கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்டார் ரயிலில் சுமார் 2 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனாலும் நாலு மணிக்குள் முடிந்துவிடும். பிரெஞ்சு இமிகிரேஷனும் லண்டனிலேயே நடப்பதால், பாரிஸில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேல் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். டிக்கெட்டை மட்டும் சில வாரங்கள் முன்பே எடுங்கள். கடைசி நேர விலை கையைக் கடிக்கும்.

விமானத்தில்தான் போவீர்கள் என்றால் விமான நிலையத்தின் பெயரைப் பாருங்கள். 'பாரிஸ்' என்ற பெயரிலேயே விற்கப்படும் போவே, ஊரிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது.

கேள்வி: பிரிட்டன் விசா இருந்தால் பாரிஸுக்கும் போதுமா?

பதில்: போதாது. இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனியாக ஷெங்கன் விசா (பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். அதிலும் ஒருமுறை நுழைவு விசா, நீங்கள் லண்டனுக்குத் திரும்பியதோடு முடிந்துவிடும். ஆகவே பாரிஸில் இறங்கி, லண்டன் பார்த்து, மறுபடி பாரிஸ் வந்து இந்தியா திரும்பும் திட்டத்துக்குப் பலமுறை நுழைவு விசா கேளுங்கள். இல்லையென்றால் பாரிஸில் இறங்கி லண்டனிலிருந்து ஏறும்படி டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: யூரோஸ்டாரில் சாப்பாடு கொண்டுபோகலாமா?

பதில்: தாராளமாக. விமானத்தைப் போல திரவங்களுக்கு 100 மில்லி கட்டுப்பாடு ரயிலில் கிடையாது. புளியோதரை, இட்லிப் பொடி, ஊறுகாய்க்குத் தடையில்லை. ஆனால் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் மகள் வீட்டிலேயே இருக்கட்டும்.