22 கிலோவோல்ட் ஃபீடரில் இழப்பைக் குறைக்க நரம்பு வலையமைப்பு உதவுமா?

கேள்வி: நான் தமிழ்நாட்டில் ஒரு துணைமின் நிலையத்தில் உதவிப் பொறியாளர். எங்களுடைய ஆறு 22 கிலோவோல்ட் ஃபீடர்களுக்கும் (துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடங்கள்) ஓராண்டின் மணிவாரி மின்னோட்டப் பதிவு இருக்கிறது. எந்தப் பகுதியை எந்த ஃபீடருக்கு மாற்றினால் மின்னிழப்பு குறையும் என்பதை, பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் கணினி நிரலான செயற்கை நரம்பு வலையமைப்பைக் கொண்டு கண்டறிய இயலுமா?

பதில்: இயலும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த இடத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு சுமை இருக்கும் என்பது ஒன்று. அந்தச் சுமைக்கு எந்த சுவிட்சைத் திறந்து எதை மூட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, வலையமைப்புக்கு நன்றாகப் பொருந்தும் வேலை. இரண்டாவதை முழுவதுமாக அதனிடம் ஒப்படைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் எளிது. கம்பியின் மின்தடையும் சுமையும் தெரிந்துவிட்டால் இழப்பைச் சமன்பாட்டிலேயே கணக்கிடலாம். பாரன் (Baran), வூ (Wu) என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட, 33 முனைகள் கொண்ட மின்வழங்கல் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 12.66 கிலோவோல்ட்டில் 3,715 கிலோவாட் சுமையைச் சுமக்கும் அந்த அமைப்பில் இழப்பு ஏறத்தாழ 202.7 கிலோவாட், ஒரு கம்பியைக்கூட மாற்றாமல், திறந்திருக்கும் ஐந்து இணைப்புகளில் நான்கை வேறு இடங்களுக்கு மாற்றினாலே அது 139.5 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வழக்கமான தேடல் முறைகளே இந்த விடையைத் தருகின்றன. சுமையை உள்ளீடாகவும் சுவிட்ச் நிலைகளை வெளியீடாகவும் வைத்து வலையமைப்பைப் பயிற்றுவித்தால் விடை நொடிக்குள் வரும் என்பது உண்மைதான். ஆனால் மின்சுற்றில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் கட்டுப்படும் கிர்க்காஃப் விதிகளை அது அறியாது என்பதால், ஒரு பகுதியை இருளில் விடும் அல்லது இரண்டு ஃபீடர்களை வளையமாக இணைக்கும் விடையையும் தயங்காமல் தரக்கூடும். கம்பத்தில் உள்ள ஏபி சுவிட்சை (ஏர் பிரேக் சுவிட்ச்) ஒருவர் நேரில் சென்று இயக்க வேண்டிய இடத்தில், பருவத்துக்கு ஒருமுறை செய்யும் மாற்றத்துக்கு அந்த வேகத்தால் பெரிய பயனும் இல்லை.

எனவே வலையமைப்பைச் சுமைக் கணிப்பில் நிறுத்திக்கொள்ளுங்கள். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் சராசரி சுமை மட்டும் போதாது: இரண்டு மணி நேரமும் 100 ஆம்பியர் ஓடுவதைவிட, ஒரு மணி நேரம் 150, மறு மணி நேரம் 50 என்று ஓடினால் இழப்பு 25 விழுக்காடு கூடும். அதனால் மணிவாரி வடிவம் தேவை. நாளின் மணி, கிழமை, வெப்பநிலை, முந்தைய நாளின் அதே மணிச் சுமை, விடுமுறைக் குறியீடு போன்ற ஏழு உள்ளீடுகளும், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலுள்ள மறை அடுக்கில் பன்னிரண்டு நரம்பணுக்களும் போதும். மொத்தம் 109 எடைகள்தாம் (பயிற்சியில் சரிசெய்யப்படும் எண்கள்). ஓராண்டின் 8,760 பதிவுகளுக்கு அது தாங்கும். தீபாவளி ஆண்டுதோறும் தேதி மாறுவதால், விடுமுறைக் குறியீட்டை நாள்காட்டி பார்த்து நீங்களேதான் இட வேண்டும்.

உழைப்பில் பெரும்பகுதி பதிவேட்டைச் சீர்செய்வதிலேயே கழியும். மின்வெட்டு நேர்ந்த மணியில் சுழியம் எழுதப்பட்டிருந்தால், அதைத் தேவை குறைந்த மணி என்று வலையமைப்பு கற்றுக்கொள்ளும். வேளாண் ஃபீடர்களில் சுமையைத் தீர்மானிப்பது வெயிலைவிட மும்முனை மின்சாரம் தரப்படும் நேரமே; ஆகவே அந்த நேரத்தையும் உள்ளீடாக்குங்கள். வேறு ஃபீடரின் சுமையைத் தற்காலிகமாகத் தாங்கிய நாள்களையும் நீக்கிவிடுங்கள். பிறகு முதல் பத்து மாதங்களில் பயிற்சி, கடைசி இரண்டு மாதங்களில் சோதனை என்று கால வரிசையில் பிரியுங்கள். பதிவுகளைக் குலுக்கிப் பிரித்தால், வலையமைப்பு பக்கத்து மணியைப் பார்த்தே விடை சொல்லிவிடும்; அது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ‘சென்ற வாரம் இதே கிழமை, இதே மணி’ என்ற எளிய கணிப்பைக்கூட வெல்லாத வலையமைப்பைக் கைவிடுவதே நல்லது. ஓராண்டுப் பதிவில் ஒரே ஒரு கோடைதான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு குறை எஞ்சுகிறது. ஃபீடர் தலைப்பின் மின்னோட்டத்தை வைத்து டிரான்ஸ்பார்மர் வாரியாகச் சுமையை அறிய முடியாது. இரு மாத மீட்டர் கணக்கை டிரான்ஸ்பார்மர் வாரியாகத் திரட்டி, கணித்த சுமையை அந்த விகிதத்தில் பகிர்ந்து, சில பெரிய டிரான்ஸ்பார்மர்களில் கிளாம்ப் மீட்டரால் உச்ச நேரத்தில் அளந்து சரிபாருங்கள். அதன்பின், ஒவ்வொரு கம்பியின் மின்னோட்டத்தையும் இழப்பையும் தரும் சுமையோட்டக் கணக்கீட்டில் மூன்று நான்கு சுவிட்ச் அமைப்புகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்ததைச் செயல்படுத்துமுன், சுமை கூடும் ஃபீடரின் கடைக்கோடி மின்னழுத்தத்தையும், மின்னோட்டம் அளவு மீறினால் ஃபீடரைத் துண்டிக்கச் செய்யும் மிகைமின்னோட்ட ரிலேயின் அமைப்பையும் சரிபார்த்துவிடுங்கள். உச்ச நேரத்தில் அந்த ஃபீடர் டிரிப் ஆனால், மிச்சப்படுத்திய யூனிட்டுகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.