அம்மா போனில் ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளை: எங்கெங்கே பூட்டுப் போடுவது?

கேள்வி: 11 வயது மகன் என் போனில்தான் ஃப்ரீ ஃபயர் மேக்ஸும் ரோப்லாக்ஸும் ஆடுகிறான். ஜிபே, பேங்க் எஸ்எம்எஸ் எல்லாம் அதே போனில் இருக்கின்றன. பணம் போய்விடுமோ, யாராவது தப்பாகப் பேசுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போனைப் பிடுங்காமல் என்ன செய்யலாம்?

பதில்:

இதற்கு எல்லோரும் சொல்வது, பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க். நல்ல வசதிதான், ஆனால் பிள்ளைக்கென்று தனி போனும் தனி கூகுள் கணக்கும் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் வீட்டில் போன் உங்களுடையது, ப்ளே ஸ்டோர் கணக்கு உங்களுடையது, வங்கியும் அதற்குள்ளேயே. ஆகவே வேலையை உங்கள் போனில் தொடங்குங்கள்.

முதலில் கைரேகை. போனைத் திறப்பதற்காகப் பிள்ளையின் விரலையும் பதிந்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். போன் எந்த விரலையும் யாருடையது என்று பிரித்துப் பார்க்காது. பதிந்த விரல் எல்லாம் சொந்தக்காரரின் விரல்தான். ப்ளே ஸ்டோரில் வாங்கும்போது கேட்கும் கைரேகைக்கும், ஆப் லாக்குக்கும் அதே விரல் போதும். யுபிஐ-யிலும் பின் நம்பருக்குப் பதில் கைரேகை வைக்கும் வசதி வந்துவிட்டது. செட்டிங்ஸில் பதிந்திருக்கும் விரல்களைப் பார்த்து அவனுடையதை அழித்துவிடுங்கள். ஸ்கிரீன் லாக் பின்னையும் மாற்றுங்கள். யுபிஐ பின்னும் அதே எண்ணாக இருந்தால் இரண்டையும் வேறு வேறாக்குங்கள்.

அடுத்து ப்ளே ஸ்டோர். வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸுக்குள் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன் என்பதைத் தேடுங்கள் (சில போன்களில் ஆதென்டிகேஷன் என்று இருக்கும்). 'ஒவ்வொரு முறையும்' என்று வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்ற தேர்வு இருந்தால் அது வேண்டாம்: நீங்களே ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனை நீட்டினால், அந்த அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். அதே மெனுவில் பேமென்ட்ஸ் பகுதிக்குப் போய், சேமித்து வைத்த கார்டு, யுபிஐ எல்லாவற்றையும் நீக்குங்கள். அங்கே மாத பட்ஜெட் போடும் வசதியும் உண்டு. அதை நம்ப வேண்டாம். செலவு கூடினால் சொல்லும், நிறுத்தாது.

டைமண்டே (ஃப்ரீ ஃபயருக்குள் செலவழிக்கக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம்) வாங்கக் கூடாது என்று முழுக்கத் தடை போட்டால், பையன் நண்பனின் அண்ணனிடம் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வான். அதைவிட, மாதம் 100 ரூபாய் என்று பேசிவைத்து, அந்தத் தொகைக்கு கூகுள் ப்ளே ரிடீம் கோடு வாங்கி நீங்களே ஏற்றிவிடலாம். எது தவறினாலும் நஷ்டம் அந்த 100 ரூபாயோடு நிற்கும். அந்தக் கோடை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். எண்ணைப் பார்த்தவன் எவனும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். வார மெம்பர்ஷிப், மாத மெம்பர்ஷிப் போன்றவை அங்கே உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பின் போட்டதோடு சரி. 15,000 ரூபாய்க்குள் என்றால் அடுத்த தவணைகளுக்கு பின் நம்பர் கேட்காமலே பணம் போகும். யுபிஐ லைட்டிலும் சிறு தொகைகளுக்கு பின் நம்பர் தேவையில்லை. அதில் பணம் வைக்காமல் இருப்பது நல்லது.

போனைக் கொடுக்கும்போது ஆப் பின்னிங் (ஒரே ஆப்பில் போனைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டுக் கொடுங்கள். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். 'விடுவிக்கும் முன் பின் நம்பர் கேட்கவும்' என்பதையும் ஆன் செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டு பட்டனை அழுத்தி வெளியே வந்துவிடுவான். இப்படிப் பூட்டிவிட்டால் விளையாட்டைத் தாண்டி வாட்ஸ்அப்புக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ போக முடியாது. ஐபோனில் இதற்குக் கைடட் ஆக்சஸ் என்று பெயர்.

இனி ஆட்கள் விஷயம். பெற்றோர் பலரும் துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான் கவலைப்படுகிறார்கள். கெடுதல் பெரும்பாலும் வருவது அரட்டை வழியாக. அதன் போக்கு எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நன்றாக ஆடும் ஒரு 'அண்ணா' அணியில் சேர்த்துக்கொள்வான், ஸ்கின் (ஆட்டத்தில் வரும் உடை, ஆயுத அலங்காரம்) பரிசு கொடுப்பான், பிறகு வாட்ஸ்அப் நம்பரோ இன்ஸ்டா ஐடியோ கேட்பான், 'வீட்ல சொல்லாதே' என்பான், அதன்பின் போட்டோ கேட்பான், கடைசியில் மிரட்டுவான். நீங்கள் வெட்ட வேண்டிய இடம், ஆட்டத்தை விட்டு வேறு ஆப்புக்கு வரச் சொல்லும் அந்தக் கட்டம். 'முன்பின் தெரியாதவரோடு பேசாதே' என்றால் 11 வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாது, ஏனென்றால் இருபது மேட்ச் சேர்ந்து ஆடியவன் அவனுக்கு நண்பன். 'கேமுக்கு வெளியே எந்த நம்பரும் கொடுக்கக் கூடாது, கேட்டால் என்னிடம் சொல், உன் மேல் கோபப்பட மாட்டேன்' என்றால் புரியும். சொன்னபின் கோபப்படாமல் இருக்கவும் வேண்டும். ஒரு தடவை திட்டு வாங்கினால் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டான்.

போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பெர்மிஷன்ஸ் என்று போய் மைக், லொக்கேஷன், கான்டாக்ட்ஸ் மூன்றையும் மறுத்துவிடுங்கள். ஆட்டம் ஓடும். மைக்கை மறுத்தால் இவன் குரல் வெளியே போகாது, ஆனால் மற்றவர்கள் பேசுவது கேட்கும். அதையும் நிறுத்த ஆட்டத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கர் குறியையும் அணைக்க வேண்டும்.

ரோப்லாக்ஸில் பலவும் பிறந்த தேதியைப் பொறுத்தது. 13 வயதுக்குக் கீழ் என்று இருந்தால் பல கட்டுப்பாடுகள் தாமாகவே விழும். கணக்குத் தொடங்கும்போது பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போடுவார்கள், எனவே அதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். பிறகு உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, பெற்றோர் கணக்காக அவன் கணக்கோடு இணையுங்கள். அதற்கு அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டு கேட்பார்கள். இணைத்தபின் மாதச் செலவு வரம்பு, நேர வரம்பு, எந்த வகை ஆட்டங்கள் தெரியலாம், யார் யார் நண்பர்கள் எல்லாம் உங்கள் கைக்கு வரும். அரட்டைக்கு முகத்தைக் காட்டி வயதை உறுதி செய்யும் முறையும் இப்போது உண்டு. 'அம்மா, ஒரு நிமிஷம் கேமராவைப் பாரேன்' என்று பையன் வந்தால் பார்க்காதீர்கள். உங்கள் முகத்தைக் காட்டினால் அவன் பெரியவர்களின் அரட்டைக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான்.

ஏபிகே ஃபைல், அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிப் போடும் ஆப் ஃபைல் பற்றி. பழைய ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் இந்திய அரசு தடை செய்தது. மேக்ஸ் மட்டும் ப்ளே ஸ்டோரில் தொடர்ந்தது. ஆகவே 'ஒரிஜினல் ஃப்ரீ ஃபயர்', 'அன்லிமிடெட் டைமண்ட் மோட்' என்று டெலிகிராமிலோ யூடியூப் வீடியோவின் கீழோ கிடைப்பதை நம்பி இறக்கக் கூடாது. டைமண்ட் கணக்கு விளையாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால் எந்த மோடாலும் (மாற்றியமைத்த ஆப்) அதை ஏற்ற முடியாது. அந்த ஏபிகே எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டால் உங்கள் ஓடிபி திருடன் கைக்குப் போகும். செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, குரோம், வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாவற்றுக்கும் அணைத்து வையுங்கள்.

நேரத்தை நிமிடத்தில் அளந்தால் தினமும் சண்டைதான். ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம்; நடுவில் பிடுங்கினால் அணியையும் கெடுத்து, அவன் ரேங்கும் குறையும். 'மூன்று மேட்ச்' என்று எண்ணிக் கொடுங்கள், கேட்பான்.

ஏற்கெனவே ஏதாவது நடந்திருந்தால்: ப்ளே ஸ்டோர் வழியாகப் பணம் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் ரீஃபண்ட் கேளுங்கள். பணம் திரும்பினால் அந்த கேம் ஐடி முடக்கப்படலாம், அதைப் பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மோசடியில் வங்கியிலிருந்து போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். திருடன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றும் முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு, ஆகவே விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

யாராவது ஆபாசமாகப் பேசியிருந்தால், படம் கேட்டு மிரட்டியிருந்தால், பதற்றத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், காசும் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பான். பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் புரொஃபைலில் இருக்கும் யுஐடி எண்ணும் (அந்தக் கணக்கின் அடையாள எண்) படத்தில் விழ வேண்டும். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது காவல் நிலையத்துக்குப் போங்கள். இது போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். பிள்ளையின் படம் போயிருந்தால் அதை உறவினர் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், போனோடு போய்ப் போலீசிடம் நேரில் காட்டுங்கள். 18 வயதுக்குக் கீழானவர்களின் இத்தகைய படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை (படத்திலிருந்து உருவாக்கும் ஒரு குறியீடு) மட்டும் அந்தச் சேவையில் சேர்ந்துள்ள சமூக வலைத்தளங்களுக்குப் போகும், அதை வைத்து அவர்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்குவார்கள்.