வங்கி எடுத்துக்கொண்ட வீடு பூட்டிக் கிடந்தால் அக்கம்பக்கத்துக்குப் பாதிப்பு உண்டா?

கேட்டவர் கொளத்தூர்க்காரர். எதிர்வீட்டைக் கடன் பாக்கிக்காக வங்கி எடுத்து ஒரு வருடமாகிறதாம். கொசுவும் நாற்றமும் தாங்கவில்லை, நம் வீட்டு விலையும் விழுமா என்று கேட்கிறார்.

நான் மடிப்பாக்கத்தில் எட்டு வீடு கொண்ட ஒரு அப்பார்ட்மெண்டில் அசோசியேஷன் கணக்கு பார்ப்பவன். எங்கள் முதல் மாடி வீடு ஒன்று இப்படித்தான் போனது. முதல் நோட்டீஸ் வந்ததிலிருந்து புதிதாக வாங்கியவர் பால் காய்ச்சியதுவரை மூன்றரை வருடம். பாதிப்பு உண்டு. ஆனால் விலையை நினைத்து நாங்கள் பயந்துகொண்டிருக்க, படுத்தி எடுத்தது தண்ணீர்.

வீட்டுக்காரர் ஒரு நாள் இரவோடு இரவாகக் காலி செய்துவிட்டார். ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகும் குழாய் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஆள் இருந்தால் பிளம்பர் வந்து அன்றைக்கே முடித்திருப்பார். மொட்டைமாடி டேங்க் எல்லோருக்கும் பொது. அந்த லைனை மேலே அடைத்தால் கீழ்வீட்டுக்கும் தண்ணீர் வராது. நாலாவது மாதம் கீழ்வீட்டு மாமியின் பாத்ரூம் கூரையில் ஈரம் தெரிந்தது, பிறகு பக்கத்து அறைச் சுவரில் இறங்கிப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "பேங்க்காராகிட்ட சொல்லேன்ப்பா, அவா வீட்டுத் தண்ணி என் தலைல சொட்றது" என்பார் என்னைப் பார்க்கும்போதெல்லாம். கிளைக்குப் போனால், "இன்னும் சிம்பாலிக் பொசஷன்தான் சார், உள்ளே போக எங்களுக்கே முடியாது" என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் கடன் வாராக்கடன். பிறகு, அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வராவிட்டால் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டி, இரண்டு பத்திரிகையில், ஒன்று உள்ளூர் மொழியில், விளம்பரம் போடுவார்கள். கிளையில் சொன்ன சிம்பாலிக் பொசஷன் இதுதான், காகித அளவில் எடுப்பது. சாவி தானாகக் கைக்கு வராவிட்டால் 14ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கித்தான் பூட்டை உடைக்க முடியும். நடுவில் கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்களவர் போனார். அது அவர் உரிமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு கெடுவது இந்த இடைவெளியில்தான்: வீட்டுக்காரருக்குப் போன வீடு, வங்கிக்கு இன்னும் வராத வீடு.

பதினாலு மாதம் கழித்துப் பூட்டை உடைத்தார்கள். முதல் வேலையாகப் பிளம்பரை உள்ளே அனுப்பினேன். இருபது நிமிடத்தில் கசிவு நின்றது. மற்றபடி அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஈபி ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போனபோது ஃபிரிட்ஜில் எதையும் எடுக்கவில்லை போல. எவர்சில்வர் தூக்கில் இட்லி மாவு கறுத்து இறுகிக் கிடந்தது. நிலைக்காலில் கரையான். பால்கனி முழுக்கப் புறா எச்சம். இன்னொரு பாத்ரூமில் கால் வைத்ததும் கரப்பான்கள் சிதறி ஓடின. தரையில் இருக்கும் ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கும் மூடியே அதுதான். புழங்காத வீட்டில் அது காய்ந்துவிடும். உங்கள் எதிர்வீட்டு நாற்றமும் பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

தனி வீடு என்பதால் உங்களுக்குக் கூடுதலாகக் கொசு. சம்ப் மூடி சரியாக உட்காராவிட்டால் டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதைவிட வசதி வேண்டாம். நின்ற நல்ல தண்ணீரில் முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடியின்போது இதே கதை நடந்தது. 2007இல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் கடனில் மூழ்கிய வீடுகளின் நீச்சல் குளங்கள் பாசி பிடித்துக் கொசுப் பண்ணையாகி, வெஸ்ட் நைல் காய்ச்சல் 276% கூடியது. அங்கே நீச்சல் குளம், இங்கே சம்ப், அவ்வளவுதான் வித்தியாசம். 1913க்குப் போன் செய்து மாநகராட்சியில் புகார் பதியுங்கள். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்துக்கு அது வேண்டும்.

அந்தக் கடிதம் வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு, அதாவது இந்தச் சுவாதீன வேலையைப் பார்க்கும் அதிகாரிக்கு. கிளை மேலாளருக்கு எழுதிப் பயனில்லை, நான் ஆறு மாதம் அப்படித்தான் வீணாக்கினேன். கதவில் ஒட்டிய நோட்டீஸில் அதிகாரி கையெழுத்தும் விவரமும் இருக்கும், போட்டோ எடுங்கள். வீட்டை நேரடியாகக் கையில் எடுத்துவிட்டார்கள் என்றால், பொறுப்பான ஒரு சொந்தக்காரர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 2002 அமலாக்க விதிகளில் 8(3) சொல்கிறது. விற்கும்வரை பாதுகாப்புக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது 8(4). இந்த இரண்டு எண்ணையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெறும் காகித சுவாதீனம் என்றால் இந்தப் பிடி கிடைக்காது, மாநகராட்சியைத்தான் துரத்த வேண்டும்.

விலைக்கு வருகிறேன். எங்கள் இரண்டாம் மாடிக்காரர் அந்தச் சமயத்தில் விற்கப் பார்த்தார். வந்தவர் ஏல விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "உங்க பில்டிங்லயே இந்த ரேட்டுக்குப் போட்டிருக்காங்களே சார்" என்று மேஜையில் வைத்தார். முதல் ஏலத்துக்கு ஆள் வராமல், இரண்டாவதற்கும் வராமல், ஒவ்வொரு முறையும் குறைந்தபட்ச விலையை இறக்கினார்கள். 'உள்ளது உள்ளபடி' என்று போட்டு விற்கும் விலை அது. கரையானும் ஈபி பாக்கியும் வாங்குகிறவர் தலையில். ஒழுங்காக இருக்கும் வீட்டுக்கு அது கணக்கே இல்லை. ஆனால் பேரம் பேசுபவர் கையில் ஆயுதமாகிவிடும். அவசரமில்லாவிட்டால் ஏலம் முடியும்வரை விற்காதீர்கள். எங்கள் இரண்டாம் மாடிக்காரர் பொறுத்திருந்தார், அடுத்த வருடம் கேட்ட விலைக்குக் கொடுத்தார்.

அப்பார்ட்மெண்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. மெயின்டனன்ஸ் பாக்கியை ஏலத்துக்கு முன்பே அந்த அதிகாரிக்குக் கணக்கோடு எழுதுங்கள். தெரிந்த வில்லங்கங்களை ஏல அறிவிப்பில் அவர்கள் காட்ட வேண்டும். எங்கள் முதல் அறிவிப்பில் 'எதுவும் தெரியவரவில்லை' என்று இருந்தது. மூன்றாவதில் எங்கள் பாக்கி ஏறியிருந்தது. வாங்கியவர் வந்த முதல் வாரமே, "பார்த்துட்டுத்தான் சார் ஏலம் கேட்டேன்" என்று மொத்தத்துக்கும் செக் எழுதிக் கொடுத்தார். மாமி வீட்டுச் சுவருக்குத்தான் எவரும் காசு தரவில்லை, அசோசியேஷன் செலவில் பட்டி பார்த்தோம்.