ஜுராசிக், கிரெட்டேசியஸ் மனதில் நிற்க ஒரு வழி

பகலில் வேதியியல் ஆய்வகம், ராத்திரியில் டைனோசர் புத்தகம்; ஆனால் எந்த விலங்கு எந்தக் காலம் என்பது நாலு பக்கம் தாண்டினால் மறந்துபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே கேஸ்தான். மனப்பாடம் செய்வதை விடுங்கள்.

நீளமான காகித நாடா ஒன்று எடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. பூமியின் வயதுக்கு நாலரை மீட்டர் வேண்டும். ஒரு முனை இன்று. அங்கிருந்து 66 மி.மீ.யில் டைனோசர்கள் (பறவைகள் நீங்கலாக) அழிந்த கோடு. கிரெட்டேசியஸ் காலம் முடிவதும் அங்கேதான்; அந்தக் காலத்து டைரனோசாரஸ் அதை ஒட்டியே நிற்கும். அதற்கு முந்தைய ஜுராசிக் காலத்து ஸ்டெகோசாரஸோ சுமார் 150 மி.மீ.யில். அதாவது டைரனோசாரஸ் காலத்தால் ஸ்டெகோசாரஸைவிட நமக்குத்தான் நெருக்கம்! பொம்மைப் பெட்டியில் மட்டும் இரண்டும் எப்போதும் சண்டை போடும். விதவிதமான விலங்குகள் பெருகத் தொடங்கிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம் சுமார் 539 மி.மீ.யில். அதற்கப்பால் நாடாவில் மிச்சம் நாலு மீட்டர், பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான். நம் இனம் சுமார் 0.3 மி.மீ., பென்சில் முனைக்குள்ளேயே அடங்கிவிடும்.

அப்புறம், டைனோசர் எலும்பின் வயதை ஏன் கார்பன்-14 வைத்துக் கணிப்பதில்லை என்றும் கேட்டீர்கள். கதிரியக்கக் கார்பனான கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டு. 50,000 ஆண்டுக்குமேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலில் சிர்கான் என்ற கனிமத்தின் படிகம் தேடுவார்கள். உருவாகும்போது அது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியத்துக்கு ஈயம் எவ்வளவு என்று பார்த்தால் சாம்பலின் வயது கிடைக்கும்; எலும்பின் வயது மேல், கீழ்ச் சாம்பல்களுக்கு இடையில். மீதிக் கணக்கு வேதியியல்காரரான உங்களுக்கே தெரியும்.