வெறும் வயிற்றில் சுகர் 98, எச்பிஏ1சி மட்டும் 6.3. லேப் தப்பாகக் கொடுத்துவிட்டதா?

அவசரப்பட்டு லேபைத் திட்ட வேண்டாம். இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம்.

98 என்பது ரத்தம் எடுத்த அந்த நிமிடத்துச் சர்க்கரை. முந்தின இரவு பட்டினி கிடந்தால் அது அடங்கித்தான் இருக்கும். எச்பிஏ1சி அப்படி ஏமாறாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதே இந்தக் கணக்கு. அதாவது, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி. சாப்பிட்டபின் ஏறிய சர்க்கரையும் இதில் சேரும். அதனால் இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

5.7க்குக் கீழே இயல்பு, 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை நோய்.

ஆனால் ஒன்று: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் பொய்யாக ஏறும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் நம்ப முடியாது. 'மாஸ்டர் செக்கப்' பேக்கேஜ் எடுத்திருந்தால், அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் அளவும் இருக்கும், பாருங்கள். அது குறைவாக இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சரியாக இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சுகர் பாருங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும்.