ஓய்வு பெற்ற கூடைப்பந்து வீரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

டிம் டங்கன். யோசிக்கவே வேண்டாம்.

சிங்கப்பூரின் பிடோக்கில் நான் விளையாடப் போகும் திடலுக்குச் சாயங்காலம் வரும் உயர்நிலைப் பள்ளிப் பையன்களிடம் லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃபன் கரி என்றால் கண் விரியும். டங்கன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அது நிஜமாகவே வருத்தம்.

கரீபியன் கடலின் செயின்ட் குரோய் தீவுக்காரர். சின்ன வயதில் நீச்சல்தான் எல்லாம். 1989இல் ஹூகோ புயல் தீவின் பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கியது. மறு வருடம் அம்மா புற்றுநோயில் இறந்தார். அதற்கப்புறம்தான் பந்தைக் கையில் எடுத்தார். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் காத்திருந்தும், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து பட்டம் வாங்கினார். 1997இல் என்பிஏவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் சேர்ந்தார். 19 பருவங்கள், ஒரே அணி, ஐந்து சாம்பியன் பட்டம்.

அவருடைய முத்திரை, வளையத்துக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பட்டு விழும் அந்த ஷாட். வளையத்துக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 45 பாகையில் நின்று பந்தை வாங்குவார், திரும்புவார், ஒரு கணம் நிற்பார். பலகையில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையைப் பார்த்து விடுவார். பலகையில் மோதும்போது பந்தின் வேகம் தணிந்துவிடும். கொஞ்சம் அழுத்திப் போட்டாலும் உள்ளே விழும். குதிப்பு, ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது. தடுக்க வருபவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது. உயரம் குறைந்த நம் பையன்களுக்கும் கைகொடுக்கும் ஷாட் இது. கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

2013 என்பிஏ இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டமான 7ஆவது ஆட்டம் இங்கே வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. எதிரணி மயாமி இரண்டே புள்ளி முன்னிலை, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. வளையத்துக்கு அடியிலேயே டங்கன் தவறவிட்டார், எகிறிய பந்தைத் தட்டியதும் போகவில்லை. திரும்பி ஓடிப்போய் இரண்டு கையாலும் தரையை ஓங்கி அடித்தார். எதற்கும் முகம் மாறாத மனிதர் அவர்! அடுத்த வருடம், 38 வயதில், அதே மயாமியை 4-1 என்ற ஆட்டக் கணக்கில் வீழ்த்திப் பட்டம் வாங்கினார்.

2016இல் ஊர் ஊராக வழியனுப்பு விழா எதுவும் இல்லாமல் ஓய்வு பெற்றார்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் 2003 இறுதிச்சுற்றின் 6ஆவது ஆட்டத்தைப் பாருங்கள்: டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறி எகிறும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), 8 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது).